ஆறாம் தலைமுறைக்கும் அட்டை கிடைக்கும்; ஊர் கிடைக்குமா?

ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு மலேசிய இந்தியர்கள் இனி ஆறாவது தலைமுறை வரை விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி வந்ததிலிருந்து, எங்கள் பல்கலைக்கழக விடுதியில் ஒரு புதுப் பேச்சு தொடங்கியிருக்கிறது. முன்பு நான்காவது தலைமுறையோடு மூடியிருந்த கதவு இது. எங்கள் வயதினரில் பலர் நான்காவது, ஐந்தாவது தலைமுறை. இதுவரை தாத்தா, பாட்டி விஷயமாக இருந்த ஒன்று இப்போது எங்கள் விஷயமாகிவிட்டது. "படிப்பு முடிந்ததும் பேசாமல் ஊருக்கே போய்விடலாம்" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்.

"ஊருக்கே" என்ற சொல்லைக் கவனியுங்கள். சொன்னவர் பிறந்தது தைப்பிங்கில், வளர்ந்தது சுங்கை சிப்புட்டில். தமிழ்நாட்டைத் திரையில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் அவர் வாயில் தமிழ்நாடுதான் 'ஊர்'. எங்கள் வீடுகளில் அப்படித்தான் பேசுகிறோம். ஊரிலிருந்து வந்த சேலை, ஊர் மாம்பழம், ஊர்ப் படம். நூறு ஆண்டுக்கு முன் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் சொல், அவர் நினைத்த பொருளிலேயே நம் வாயில் தங்கிவிட்டது.

நானும் கனவு காண்பவள்தான். இறுதியாண்டு மாணவி. தேர்வுக்குப் படிக்க வேண்டிய இரவுகளில் கோயம்புத்தூரில் வாடகை வீடு என்ன விலை என்று தேடியிருக்கிறேன். திருச்சி விமானப் பயணம் நான்கு மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் கோத்தா பாரு போகும் நேரம்கூட இல்லை. ஒரு ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. கடைப் பலகை முதல் நீதிமன்ற வாசல் வரை எங்கும் தமிழ். கல்விக் கடனும் வேலை தேடும் கவலையும் சேர்ந்து அழுத்தும்போது, இந்தக் கணக்கு மிக இனிப்பாக இருக்கிறது. (வெள்ளியில் சம்பாதித்து ரூபாயில் செலவு செய்பவருக்குத்தான் அது இனிக்கும். ரூபாயில் சம்பளம் வாங்கத் தொடங்கினால் அந்த இருபது மடங்கு அன்றே மறைந்துவிடும். கனவில் இந்த வரி வருவதில்லை.)

இந்தக் கனவுக்கு இன்னொரு வேரும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு நேர்மையாக இருக்காது. சமூக வலைத்தளத்தில் சூடான வாக்குவாதம் வந்தால் யாராவது ஒருவர் 'பாலிக் இந்தியா' என்று எழுதிவிடுவார். இந்தியாவுக்குத் திரும்பிப் போ. இங்கே பிறந்து, இங்கே எஸ்.பி.எம். எழுதி, தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. நம்மைத் திட்டுகிறவர் காட்டும் திசையும், நாம் கண்மூடிக் கனவு காணும் திசையும் ஒன்றாகவே இருக்கின்றன. நம் இடம் அங்கே என்று அவர் வெறுப்பில் சொல்வதை நாம் ஏக்கத்தில் சொல்கிறோம். அந்த இடம் உண்மையில் நமக்கு என்ன தரத் தயாராக இருக்கிறது என்பதை இருவருமே விசாரிப்பதில்லை.

அட்டையில் என்ன இருக்கிறது?

முதலில், ஓ.சி.ஐ. குடியுரிமை இல்லை. பெயரில் குடிமகன் என்று இருந்தாலும், இந்திய அரசியலமைப்பும் மலேசிய அரசியலமைப்பும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியே வந்த இந்த அட்டை, நடைமுறையில் ஆயுள் முழுவதும் செல்லும் ஒரு விசா. எத்தனை முறையும் போய் வரலாம், எத்தனை நாளும் தங்கலாம், தனியார் துறையில் வேலை செய்யலாம், வீடு வாங்கலாம். இவை சிறிய சலுகைகள் இல்லை.

வாக்குரிமை கிடையாது. தேர்தலில் நிற்க முடியாது. அரசு வேலையும் பொதுவாகக் கிடையாது. ஆய்வு செய்யவோ பத்திரிகைப் பணி செய்யவோ தனி அனுமதி பெற வேண்டும். கோயில் கல்வெட்டுகளை ஆராயப் போகிறேன் என்று சொல்லும் தோழிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் ஆகியவற்றை வாங்கவும் முடியாது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. நிலமில்லாததால்தானே நம் முன்னோர்களில் பலர் கங்காணியின் பின்னால் நாகப்பட்டினத்துக்கு நடந்தார்கள்? வந்து சேர்ந்ததும் தோட்டத்தில்தானே? பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தியா எல்லாக் கதவையும் பாதி திறந்து, நிலத்தின் கதவை மட்டும் முழுதாக மூடி வைத்திருக்கிறது.

மருத்துவம் படிக்க நினைக்கும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி முக்கியம். 2021 மார்ச்சில் வெளியான அறிவிக்கையின்படி, ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் நீட் தேர்வு எழுதலாம். ஆனால் இந்தியக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் சேர முடியாது. என்.ஆர்.ஐ. இடங்களும் கூடுதல் இடங்களும்தான் கிடைக்கும். கட்டணமும் அதற்கேற்பத்தான் இருக்கும். அறிவிக்கைக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இனி அட்டை எடுக்கப் போகும் நமக்கு அந்தத் தீர்ப்பால் பயனில்லை. இங்கே இட ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கவில்லை என்று அங்கே போனால், அங்கும் ஒரு ஒதுக்கீட்டுப் பட்டியல் காத்திருக்கிறது. அதில் நம் பெயருக்கு எதிரே 'வெளிநாட்டவர்' என்று இருக்கும்.

திரும்பிப் போனவர்கள்

மூதாதையர் மண்ணுக்குப் போவது நமக்கு வெறும் கற்பனையாக இருக்கலாம். ஆனால் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகத் திரும்பிய வரலாறு இருக்கிறது. நம் பாடநூல்களில் அதற்கு அவ்வளவு இடமில்லை.

1968-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற சட்டம் மலேசியாவில் வந்தது. விண்ணப்பம் போடத் தெரியாமலோ, அவசியம் என்று நினைக்காமலோ குடியுரிமை எடுக்காமல் இருந்த தோட்டத் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். தொடர்ந்து ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. எங்கள் பாட்டியின் அக்கா குடும்பம் அவர்களில் ஒன்று. 'ரஜூலா' கப்பலில் போனார்கள். சில ஆண்டுகள் கடிதம் வந்தது. அந்தக் கடிதங்களில் பாட்டிக்கு நினைவிருக்கும் ஒரே செய்தி, அங்கே அவர்களை எல்லாரும் 'மலாயாக்காரங்க' என்று கூப்பிட்டார்கள் என்பதுதான்.

இலங்கை மலையகத்தில் நடந்தது இதைவிடப் பெரியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்தது. அந்த மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலை பறித்தார்கள். தமிழ் பேசும் மண்ணிலேயே அவர்கள் 'சிலோன்காரர்கள்' ஆனார்கள்.

எனக்கு மறக்கவே முடியாதது பர்மாத் தமிழர் கதை. 1962-இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமை ஆனபின், பெருந்தொகையான இந்தியர்கள் வெளியேறினார்கள். சென்னையின் பர்மா பஜாரும் அத்தோ நூடுல்ஸும் அவர்கள் விட்ட தடங்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தமிழ்நாட்டு வாழ்க்கை ஒட்டவில்லை. நிலவழியே பர்மாவுக்குத் திரும்பப் புறப்பட்டார்கள். எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரின் மொரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. மூதாதையர் மண்ணுக்கு வந்து சேர்ந்த பிறகு, பிறந்த மண்ணுக்காக ஏங்கி, இரண்டுக்கும் நடுவில் எல்லைக் கோட்டில் ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

அவர்கள் விரட்டப்பட்டவர்கள், நாம் விரும்பிப் போகிறவர்கள், இரண்டும் ஒன்றா என்று என் அறைத்தோழி கேட்டாள். ஒன்றில்லை. நம் கையில் திரும்பி வருவதற்கான கடப்பிதழ் இருக்கிறது. அந்த வித்தியாசம் மிகப் பெரியது. ஆனால் மொழியும் சாமியும் ஒன்றாக இருந்தால் ஓர் ஊர் நம்மைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை மட்டும் இந்த வரலாற்றில் நிற்கவில்லை.

பதினாறு வயதில் குடும்பத்தோடு ஒருமுறை போயிருக்கிறேன். எங்களிடம் இருந்த முகவரி 'சேலம் ஜில்லா, ராசிபுரம் பக்கம்' என்பது மட்டும்தான். ராசிபுரம் 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்பதே அங்கே போன பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. டீக்கடையில் 'பொங்குஸ்' என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன். "பசியாறிட்டீங்களா?" என்று அம்மா கேட்டதைப் பக்கத்து வீட்டுப் பாட்டி ரசித்து ரசித்துத் திருப்பிச் சொன்னார். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாவது கேள்வி ஒன்றுதான்: "நீங்க என்ன ஆளுங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். சாதி மலேசியாவில் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணப் பேச்சில் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் முன்பின் தெரியாதவர் முதல் ஐந்து நிமிடத்தில் நேராகக் கேட்பது எனக்குப் புதிது. அங்கே குடியேறினால், அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வாரமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எதிர்த்திசையில் வருபவர்கள்

கிள்ளானில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடையில் பரிமாறும் அண்ணன் புதுக்கோட்டைக்காரர். முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர். எங்கள் மேசைப் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நாங்க அங்கேருந்து இங்க வர்றதுக்கு நகையை அடகு வச்சோம். நீங்க இங்கேருந்து அங்க போறேங்குறீங்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். நாம் போக நினைக்கும் ஊரிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் இங்கேயும் இளைஞர்கள் புறப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே வேலைச் சந்தையில் நாம் போட்டி போடப் போவது, அவர்களில் இன்னும் புறப்படாதவர்களோடு.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். எதற்காக என்று தெரிந்து போகிறவர்களுக்கு வழிகள் இருக்கின்றன. இந்தியாவின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகை இருக்கிறது. என்.ஐ.டி. கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கான 'டாசா' சேர்க்கை உண்டு, திருச்சி என்.ஐ.டி.யும் அதில் அடங்கும். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 'வேர்களைத் தேடி' திட்டம் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துச் சென்று சுற்றிக் காட்டுகிறது. முதலில் அதில் போய்ப் பார்ப்பது நல்லது. மருத்துவம் என்றால், அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். இசை, நாட்டியம், சித்த மருத்துவம், தமிழ் இலக்கியம் படிக்க விரும்புகிறவர்களுக்கு அங்கே கிடைக்கும் ஆழம் இங்கே கிடைக்காது என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'இங்கே எனக்கு இடமில்லை' என்ற மனக்குறைக்கு மருந்தாக அந்த ஊரை நினைப்பதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன நம் ஆட்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கப்பல். இன்னொன்றை 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் உருவான தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் காட்டியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில், அவர்கள் பால் வெட்டிய தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் முதல் தோட்டம். அந்தச் சங்கத்தைப் பற்றி விமர்சனங்கள் இருக்கலாம். ஆனாலும், இந்த மண்ணில் நமக்குப் பங்கு உண்டு என்பதைச் சட்டப்படி பத்திரத்தில் எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

நானும் ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அட்டையை வைத்திருப்பதில் நட்டமில்லை. என் பிறப்புப் பத்திரம், அம்மாவுடையது, பாட்டியுடையது, அதற்கு மேல் ஒரு தலைமுறை என்று சங்கிலி அறுபடாமல் காட்ட வேண்டும். பாட்டியின் பெயர் ஒரு தாளில் 'முனியம்மா', இன்னொன்றில் 'முன்னியம்மாள்'. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இதற்காகத் தேசியப் பதிவிலாகாவில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஒரு முதியவர் நின்றார். பேராக்கில் தோட்டத்தில் பிறந்தவராம். பிறப்புப் பத்திரம் இல்லாததால் எழுபது வயதிலும் அவர் கையில் சிவப்பு அடையாள அட்டைதான் இருக்கிறது. நான் இரண்டாவது அட்டைக்கு அலைகிறேன், அவர் இன்னும் முதல் அட்டைக்கு. என் எண்ணை அழைக்க நேரம் இருந்ததால், அவருடைய விண்ணப்பப் பாரத்தை மலாயில் நிரப்பிக் கொடுத்தேன். 'பிறந்த நாடு' என்ற கட்டத்துக்கு வந்ததும், நான் கேட்பதற்கு முன்பே "மலேசியா" என்றார்.