பெயர்ப்பலகையில் இடம்பெறாத கைகள்

நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 2015 மார்ச்சில் ஒரு தனிநபர் கண்காட்சி தொடங்கியது. ஈரானியக் கலைஞர் மோனிர் ஷாரூதி ஃபர்மன்ஃபர்மாயன் 1974 முதல் 2014 வரை உருவாக்கிய கண்ணாடிப் படைப்புகளும் கோட்டோவியங்களும் அதில் இடம்பெற்றன. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலுள்ள செரால்வெஷ் அருங்காட்சியகம் முந்தைய ஆண்டு நடத்திய கண்காட்சி அது. அங்கிருந்து கடல் கடந்து வந்திருந்தது. அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று அவருடைய கலையை விரிவாகத் திரட்டிக் காட்டியது அதுவே முதல் முறை. அப்போது அவர் தொண்ணூறு வயதைக் கடந்திருந்தார்.

நியூயார்க் அவருக்கு அந்நிய ஊர் அல்ல. 1940களில் ஓவியம் படிக்க வந்து, பார்சன்ஸ் கலைப் பள்ளியில் பயின்று, போன்விட் டெல்லர் என்ற பெரிய பல்பொருள் அங்காடிக்கு விளம்பரப் படங்கள் வரைந்தவர். அங்கே உடன் வேலை பார்த்த ஓவியர் ஆண்டி வார்ஹோல் நண்பரானார். 1957இல் ஈரான் திரும்பினார். 1979 புரட்சி அவரை மீண்டும் நியூயார்க்கிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டாம் முறை அங்கே கழிந்தது கால் நூற்றாண்டு. இவ்வளவு காலம் கண்ணெதிரே இருந்த ஒருவரைக் கலை உலகம் ஏன் இத்தனை தாமதமாகக் கண்டுகொண்டது?

பெண் என்பது ஒரு காரணம், ஈரானியர் என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவது காரணத்தைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் கையில் எடுத்த பொருள் கைவினைஞர்களுடையது. தர்காக்களின் சுவரிலும் விதானத்திலும் பதிக்கும் கண்ணாடித் துண்டுகளை அருங்காட்சியகச் சுவரில் மாட்டினால் அதைக் கலை என்பதா, அலங்காரம் என்பதா என்ற தயக்கம் பெரியது.

ஈரானில் இந்த வேலைக்கு 'ஆயினெ-காரி' என்று பெயர். ஈரானை ஆண்ட சஃபவி மன்னர்கள் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த நிலைக்கண்ணாடிகள் வழியிலேயே உடைந்துபோக, அந்தத் துண்டுகளை வீணாக்காமல் சுவரில் பதித்ததில் இந்தக் கலை பிறந்தது என்பார்கள். ராஜஸ்தானின் ஆமேர் கோட்டையிலும் லாகூர் கோட்டையிலும் உள்ள ஷீஷ் மஹால்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஷிராஸ் நகரில் ஷா செராக் என்ற தர்கா இருக்கிறது. ஷியா முஸ்லிம்களின் எட்டாவது இமாமான ரிஸாவின் சகோதரர் அங்கே அடக்கமாகியிருக்கிறார். உள்ளே சுவர், வளைவு, விதானம் என எங்கும் கண்ணாடிச் சில்லுகள். ராபர்ட் மோரிஸ், மார்சியா ஹாஃபிஃப் என்ற இரண்டு அமெரிக்கக் கலைஞர்களுடன் மோனிர் அங்கே போய் அமர்ந்திருந்தார். வேண்டுதலோடு வந்து அழுகிறவர்களின் உருவங்கள் விதானத்தில் சிதறிப் பிரதிபலித்ததைப் பார்த்துத் தானும் அழுததாகப் பின்னாளில் சொன்னார். இதை வீட்டுச் சுவரில் மாட்டும்படி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. உடன் வந்த மோரிஸ் 1965இலேயே கண்ணாடிக் கனசதுரங்களைச் செய்து காட்சிக்கு வைத்தவர். அவை நவீனக் கலையின் மைல்கற்கள் ஆயின. தர்காவின் விதானத்தைச் செய்தவர்களுக்கு அந்த வரலாற்றில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை.

மோனிரின் படைப்பு ஒன்றின் அருகே போனால் முதலில் தெரிவது கணக்கு. ஒரு வட்டம், அதன் சுற்றளவில் சம இடைவெளியில் புள்ளிகள். மூன்று புள்ளிகளை இணைத்தால் முக்கோணம், நான்கில் சதுரம், ஆறில் அறுகோணம். அறுகோணத்தை மீண்டும் பிரித்தால் நட்சத்திரம், அதற்குள் இன்னும் சிறிய முக்கோணங்கள். இந்தக் கோடுகளின்படி மெல்லிய கண்ணாடியை அறுத்து, மரப்பலகையில் பூசிய சாந்தில் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். ஓரம் சிறிது பிசகினாலும் அடுத்த துண்டு சேராது. முடிந்த பலகையின் முன் நிற்பவருக்குத் தன் முகம் முழுதாகத் தெரியாது. சட்டையின் நிறம், ஒரு கண், பின்னால் நடப்பவரின் தோள் எனத் துணுக்குகளாகத்தான் தெரியும். ஓரடி நகர்ந்தால் அதுவும் மாறிவிடும்.

இதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மோனிர் எளிமையாகவே விளக்கம் தந்தார். முக்கோணம் அறிவுள்ள மனிதன். சதுரம் நான்கு திசை. ஐங்கோணம் ஐம்புலன். அறுகோணம் ஆறு பண்புகள்: கொடை, தன்னடக்கம், பொறுமை, உறுதி, நுண்ணறிவு, கருணை. சூஃபி மரபில் வந்த இந்த விளக்கத்தைப் பௌத்தம் அறிந்தவர் படித்தால் சற்றுத் திகைப்பார். தானம், சீலம், பொறுமை, வீரியம் என்று தொடரும் ஆறு பாரமிதைகளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் அவ்வளவு நெருக்கம். எது எங்கிருந்து வந்தது என்பது ஆய்வாளர்களின் பாடு. சமயங்களுக்கு நடுவே மதில் எழுப்பிப் பார்க்கிறவர்களுக்கு இந்த நெருக்கமே பதில். உருவத்தைத் தவிர்த்து வடிவத்தைப் பிடித்துக்கொண்ட மரபு, எந்த ஊர்க்காரரும் நுழையக்கூடிய வாசல் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது.

ஈரானியக் கலைஞர் என்றதும் முக்காட்டையும் துப்பாக்கியையும் தேடுகிற பழக்கம் மேற்கத்திய விமர்சகர்களுக்கு உண்டு. மோனிர் அதற்குத் தீனி போடவில்லை. அரசியலே அறியாதவர் என்றும் அவரைச் சொல்லிவிட முடியாது. ஈரானின் 2009 தேர்தல் போராட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்ட நேதா என்ற இளம்பெண்ணின் பெயரில் ஆறு பெரிய கண்ணாடிப் பலகைகள் செய்தார். அவை இன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் இருக்கின்றன. அங்கேயும் முழக்கம் எதுவும் இல்லை. இருப்பவை கோணங்களும் வெளிச்சமும்தான்.

குகன்ஹைம் கண்காட்சி சொல்லாமல் சொன்ன முக்கியமான செய்தி வேறொன்று. அங்கே கோட்டோவியங்கள் ஏராளமாக இருந்தன. நாடு திரும்ப முடியாத காலத்தில் நியூயார்க் வீட்டில் பேனாவும் வண்ணப் பென்சிலும் கொண்டு வரைந்தவை அவற்றில் பல. கண்ணாடியை ஏன் விட்டார்? அறுத்துப் பதிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. 2004இல் ஈரான் திரும்பி, தெஹ்ரானில் மீண்டும் பட்டறை அமைத்துக் கைவினைஞர்களைச் சேர்த்த பிறகுதான் பெரிய கண்ணாடிப் படைப்புகள் வரத் தொடங்கின. கலைஞர் அதே கலைஞர், கணக்கும் அதே கணக்கு. கூட உழைக்கும் கைகள் இல்லாததால் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கலை காகிதத்திலேயே நின்றுபோயிருக்கிறது. அந்தக் கைகளின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1970களில் மோனிர் ஹாஜி உஸ்தாத் முகம்மது நவீத் என்ற தேர்ந்த கைவினைஞருடன் சேர்ந்து வேலை செய்தார். அதை அவர் மறைத்ததில்லை. ஆனாலும் படைப்பின் அருகிலுள்ள பெயர்ப்பலகையில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். வசதியான குடும்பத்துப் பெண் வடிவமைத்தார், கூலிக்காரர்கள் ஒட்டினார்கள், இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பரம்பரை பரம்பரையாக விதானத்தில் இருந்த ஒரு வேலையைத் தனிப் பலகையாக்கி, நவீனக் கலையோடு பேச வைத்தது மோனிரின் கற்பனை. அந்தக் கற்பனை நின்றது உஸ்தாதுகள் எனப்படும் தேர்ந்த கைவினைஞர்களின் விரல்களில். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது பாதி உண்மை.

2017இல் தெஹ்ரானின் நெகாரிஸ்தான் தோட்டத்தில் மோனிர் பெயரிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஈரானில் ஒரு பெண் கலைஞருக்கென்றே அமைந்த முதல் அருங்காட்சியகம் அது. 2019 ஏப்ரலில் மோனிர் காலமானார். அவருக்குச் சேர வேண்டிய மரியாதை, தாமதமானாலும் வந்து சேர்ந்துவிட்டது.

உஸ்தாதுகளுக்குச் சேர வேண்டியது இன்னும் பாக்கி. திரைப்படத்தின் தொடக்கத்தில் இயக்குநர் பெயருக்கு முன்னால் ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனைக் கலைஞர் பெயர்கள் வருகின்றன. அதனால் எந்த இயக்குநரின் புகழும் குறைந்துவிடவில்லை. கண்ணாடி அறுத்தவர், சாந்து பூசியவர், பதித்தவர் பெயர்கள் தெரிந்திருக்கும்போதெல்லாம் அருங்காட்சியகங்கள் அவற்றைப் பெயர்ப்பலகையில் எழுத வேண்டும். பார்வையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.