கீழாநெல்லி: கைமருந்தும் ஆய்வகக் கணக்கும்

பாலிக் புலாவ் பக்கம் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டங்களில் களையோடு களையாக நிற்கும் கீழாநெல்லியை மலாய்க்காரர்கள் 'டுக்கோங் அனாக்' என்பர். மஞ்சள் காமாலை என்றால் தோட்டத்து மக்களின் கை முதலில் போவது இதற்குத்தான்.

ஆய்வகமும் ஒருமுறை இதற்குத் தலையாட்டியது. 1988-இல் 'லான்செட்' இதழில் சென்னையின் தியாகராஜன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேர் இதன் பொடியை உண்டனர். 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி. ஆனால் பிறகு தாய்லாந்தில் நடந்த சோதனையில் அந்தப் பலன் கிட்டவில்லை.

செடியிலேயே சிக்கல் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் பல இனங்கள். பிரித்தெடுக்கப்பட்ட ஃபிலாந்தின் என்ற பொருள் எலியின் கல்லீரல் அணுக்களைக் காத்தது உண்மை. கிருமியை விரட்டுவது வேறு வேலை. அதன் அளவும் மண்ணுக்கு மண் மாறும். கைப்பிடி இலையில் அந்தக் கணக்கு ஏது?

ஹெப்படைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். பி வகை அப்படியல்ல. மலேசியாவில் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் சாறு குடித்தாலும் கிளினிக்கில் ஒருமுறை இரத்தம் சோதிப்பது அவசியம். கண்ணில் மஞ்சள் மறைந்த பிறகும் அந்தக் கிருமி கல்லீரலில் பல்லாண்டு தங்கக்கூடும்.