தங்கப் பல்லியும் சிவப்புத் தண்ணீரும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கத் தகடு போர்த்திய பல்லியொன்று இருக்கிறது. அதைத் தொட்டால் தோஷம் தொலையுமென்று கூரம் போன்ற சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் போய், படியேறித் தடவி வருகிறார்கள். தடவுகிறவர்களில் தறியில் சரிகை கோத்து வயிறு வளர்க்கும் நெசவாளிகளும் உண்டு. தங்கம் பூசிய வெள்ளிச் சரிகையை ஆயுள் முழுவதும் தொட்ட கைக்கு நீங்காத தோஷமா, பல்லியைத் தொட்டதும் நீங்கிவிடும் என்று நாம் கேட்டால் நாஸ்திகர் என்கிறார்கள். நல்லது, இருந்துவிட்டுப் போகிறோம்.

தங்கத்தினிடம் அதிசயமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. மஞ்சளாயிருக்கும் தங்கத்தை மிகமிக நுணுக்கினால் சிவப்பாகிவிடுகிறது! 1857-ல் லண்டனில் மைக்கேல் பாரடே என்பவர் தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்துக் கெம்பு நிறத் தண்ணீர் செய்து காட்டினார். அவர் ஒரு கொல்லனின் மகன். பள்ளிப் படிப்பு சொற்பம். புத்தகம் கட்டும் வேலை பழகியவர். (இங்கே பிறந்திருந்தால் துருத்தி ஊத விட்டிருப்பார்கள்.) 1951-ல் துர்க்கேவிச் முதலியோர் சுலபமான வழியொன்று சொன்னார்கள். தங்கக் குளோரைடு கரைத்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் சோடியம் சிட்ரேட் சேர்க்க வேண்டியது; சற்று நேரத்தில் திராட்சை ரசம் போலச் சிவக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் சுமார் 20 கூறுதான் ஒரு துகளின் அகலம். அத்துகளிலுள்ள எலெக்ட்ரான்கள் வெளிச்சத்தோடு சேர்ந்து ஆடிப் பச்சை நிறத்தை விழுங்கிவிடுகின்றன. மீதிச் சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, நீலமாக மாறிவிடும்.

மருந்துக் கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கந்தான். சிறுநீரில் கர்ப்ப ஹார்மோன் இருந்தால், அதைப் பற்றிக்கொண்ட துகள்கள் கோட்டிடத்தில் வந்து கூடுகின்றன. ஜோசியனைக் கேட்காமல் ஒரு பெண் சில நிமிஷத்தில் தன் நிலையைத் தானே அறிகிறாள். 2004-ல் புனா தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தார் எலுமிச்சைப் புல் கஷாயத்தைக் கொண்டே முக்கோணத் தங்கத் துகள்களைச் செய்துவிட்டார்கள்.

இதைச் சொன்னால் போதும், “எங்கள் தங்க பஸ்பத்தில் எல்லாம் அன்றே உண்டு” என்று பண்டிதர்கள் கிளம்பிவிடுகிறார்கள். பஸ்பத்தில் நுண்துகள் இருப்பதாக ஆய்வாளர் கண்டது மெய்தான். ஐரோப்பியக் கண்ணாடிக்காரர்களுந்தான் 17-ஆம் நூற்றாண்டில் தங்கத்தைக் கொண்டு சிவப்புக் கண்ணாடி செய்தார்கள். அது காரணம் தெரியாமல் கைப்பழக்கத்தில் வந்தது. துகளின் அளவென்ன, அது சிவப்பதேன், அளவு மாறினால் நிறமென்ன என்பது எந்த ஏட்டில் எத்தனையாவது பாட்டில் இருக்கிறது? காட்டுகிறவர்கள் நமக்கு எழுதலாம். ஓர் எழுத்தும் குறைக்காமல் போடுகிறோம்.