பழைய மோட்டாரைப் பழிக்கும் முன்

கடலில் மோட்டார் நின்றுவிட்டால் மீனவருக்கு நட்டமாவது அன்றைய மீன்பாடு மட்டுமல்ல. காற்றும் நீரோட்டமும் படகை எங்கே கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. நாட்டுப் படகுகளில் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களைக் கரையிலேயே சோதித்துப் பார்ப்பது உயிரைக் காக்கும் வேலையாகும்.

மோட்டார் கிளம்பவில்லை என்றதும் பலர் கயிற்றை ஓயாமல் இழுக்கின்றனர். அடுத்து கார்புரேட்டர் திருகுகளைத் திருப்புகின்றனர். பிறகு ஒவ்வொரு பாகமாக மாற்றுகின்றனர். இவை மூன்றுமே காசைக் கரியாக்கும் வழிகள். நல்ல எரிபொருள், வேளை தவறாத தீப்பொறி, சிலிண்டரில் அழுத்தம் ஆகிய மூன்றும் இருந்தால் மோட்டார் கிளம்பியே தீர வேண்டும். எது குறைகிறது என்று வரிசையாகத் தேடுவதே சரியான முறை.

பல முறை கயிறு இழுத்த பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. டாங்கியின் காற்றுத் துவாரம் மூடியிருக்கிறதா, ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, கார்புரேட்டர் ஜெட் பிசின் பிடித்து அடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் நனைந்திருந்தால் தீப்பொறியைச் சோதிக்கலாம். எரிபொருளைத் தள்ளி வைத்து, ஆவி கலைந்த பின், பிளக்கின் உடலை மோட்டாரின் இரும்பில் படவைத்துக் கயிற்றை இழுத்தால் நீல நிறப் பொறி தெரிய வேண்டும். மங்கலாக இருந்தால், பழைய மாக்னெட்டோ மோட்டார்களில் பெரும்பாலும் காண்டாக்ட் பாயிண்டில் உப்பு படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். பல பழைய மோட்டார்களில் இந்த இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர்.

எரிபொருளும் பொறியும் சரியாக இருந்தும், கயிறு இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியவில்லை என்றால் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த நிலையில், முதலில் செலவைக் கணக்கிட வேண்டும். ஆகும் செலவு மோட்டாரின் மதிப்பைத் தாண்டினால் அதை விட்டுவிடுவதே நல்லது.

மோட்டார் ஓடியும் படகு நகரவில்லை என்றால் விசிறியைப் பிடிக்கும் பின் உடைந்திருக்கலாம். ஓடிக்கொண்டே சூடேறினால், தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் இறுகித் தேய்ந்திருக்கும். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சீலை உடனே மாற்ற வேண்டும். தண்ணீரில் இறக்காமல் மோட்டாரை ஓட்டுவது இம்பெல்லரைக் கெடுக்கும்.

எண்ணெய்க் கலவையிலும் கவனம் தேவை. 1960களின் முற்பகுதி வரை வந்த பல மோட்டார்களுக்கு 24 பங்கு எரிபொருளுக்கு 1 பங்கு எண்ணெய். பிற்காலத்தவை பலவற்றுக்கு 50க்கு 1. பழையதில் எண்ணெயைக் குறைத்தால் பேரிங் கருகும். எனவே அந்த மோட்டாருக்குரிய அளவையே பின்பற்ற வேண்டும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள், நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றினால் மறுநாள் கிளப்புவது எளிது. கரை திரும்பியதும் நல்ல தண்ணீரால் உட்புறத்தை அலசுவது, உப்பு அரிப்பைத் தடுக்கும் மலிவான மருந்து.

இந்த அறிவு ஊருக்கு ஒரு மெக்கானிக்கின் கையில் மட்டும் இருப்பது சரியன்று. அவர் ஊரில் இல்லாத நாளில் படகுகள் கரையில் கிடக்கின்றன. அவசரத்தில் சரிபாராத மோட்டாருடன் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இளைஞர்களுக்கு இந்தச் சோதனைகளைக் கற்றுத் தர வேண்டும். பிளக், பின், இம்பெல்லர் போன்ற சிறு பாகங்களைக் கையிருப்பில் வைக்க வேண்டும். புது மோட்டார் வாங்கக் கடன் தருவது போலவே, இருக்கும் மோட்டாரைக் காக்கக் கற்றுத் தருவதும் அச்சங்கங்களின் கடமையாகும்.