இருபது வெள்ளிக்குள் ஒரு பரிசு

தீபாவளி நெருங்கினால் எங்கள் வானொலி நிலையத்தில் பரிசுப் பேச்சுதான். சென்ற வாரம் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "வீட்டில் தினமும் சமைப்பவருக்கு 20 வெள்ளிக்குள் என்ன வாங்கிக் கொடுப்பீர்கள்?" தொலைபேசி ஓயவே இல்லை. பாதிப் பேர் சொன்னது கண்ணாடிக் கிண்ண செட். அது யாருக்கும் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கல்யாணத்தில் வந்தது, பிரிக்காமலேயே அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். எங்கள் வீட்டிலிருந்து ஒரு செட், முதலில் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பிப் போன கதையும் உண்டு.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் ஒரு கத்தி.

அம்மா பாகான் செராயில் இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு டவுனுக்கு வந்தோம். இந்த வருடம் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஐஸ்பெட்டியில் வெட்டிய காய்கறிப் பாக்கெட்டுகள் இருந்தன. சாம்பாருக்கென்று துண்டு போட்டு, பிளாஸ்டிக் சுற்றி விற்பார்களே, அதுதான். ஒருநாள் காலை நிகழ்ச்சியில் அதைத் தமாஷாகச் சொன்னேன்: "எங்கம்மாவும் மாடர்ன் ஆயிட்டாங்க. இப்பல்லாம் கத்தியையே தொடுறதில்ல." கூட இருந்த அறிவிப்பாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் நிகழ்ச்சியை அம்மா ஒருநாளும் தவறவிட மாட்டார். அன்று மாலை அவரிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கை கத்திப் பிடியில், இடது உள்ளங்கை கத்தி முதுகில், உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்தினார். கட்டைவிரல் அடியில் வீங்கியிருந்தது. மூட்டுத் தேய்மானம் என்று கிளினிக்கில் சொல்லி மூன்று மாதமாகிறதாம். கத்தியை வாங்கி ஒரு தக்காளியை வெட்டிப் பார்த்தேன். தோல் நசுங்கியதே தவிர வெட்டுப்படவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ இன்னொரு மிஷின் வாங்கிட்டு வந்துருவ."

உண்மைதான். போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த 300 வெள்ளி ஏர் ஃபிரையர் அலமாரி உச்சியில் பெட்டியோடு இருக்கிறது. அந்தக் கையால் அதை எப்படி இறக்குவார்?

டவுனில் இரும்புச் சாமான் கடைக்குப் போய் ஒரு சாணைக்கல் வாங்கினேன். 14 வெள்ளி. ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ். வரும் வழியிலேயே போனில் வீடியோ பார்த்து, எப்படித் தீட்டுவது என்று அம்மாவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளிக்கிறியா" என்றார்.

கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி அடங்கும்வரை காத்திருந்தார். ஈரத்துணியை மடித்துக் கீழே வைத்து, கல்லை அதன்மேல் நிறுத்தினார். கத்தி முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி. வீடியோக்காரர் 15 முதல் 20 டிகிரி என்று சொன்னது ஏறக்குறைய அதுதான். முதலில் கரடுப் பக்கம், பிறகு நைஸ் பக்கம். சர்ரக், சர்ரக்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. லயத்து வீட்டு வாசல்படியில் சாயங்காலமானால் அம்மா மரம் சீவும் கத்தியைத் தீட்டுவார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போய் உள்ளே உயிருள்ள படலத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அடுத்து வரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த வேலைக்கு மொண்ணைக் கத்தி உதவாது. இதெல்லாம் தெரிந்தவருக்கு நான் யூடியூப் காட்டியிருக்கிறேன்.

தீட்டி முடித்துத் தக்காளி மேல் வைத்தார். அழுத்தவே இல்லை, இறங்கிவிட்டது. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். ஆனால் காய்கறிப் பாக்கெட்டுகள் ஐஸ்பெட்டியில் இல்லை. பக்கத்து வீட்டு மக்சிக் கத்தியைக் கொண்டுவந்து தீட்டிக்கொண்டு போகிறார், கூலியாக ஒரு கட்டு செராய். எதிர்வீட்டுச் சீன ஆன்டி கத்திரிக்கோலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

நேயர்களிடமிருந்து வந்தவற்றில் எனக்குப் பிடித்த சிலவற்றையும் சொல்கிறேன். செராய்த் தண்டை அடிப்பகுதியோடு வாங்கித் தண்ணீரில் நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் வேர் விடும். சின்னத் தொட்டியில் நட்டுக் கொடுங்கள், மூன்று வெள்ளிகூட ஆகாது. ஒரு ஜோடி ரப்பர் கையுறை, பாத்திரம் கழுவ அல்ல, இறுகிய போத்தல் மூடியைத் திறக்க. சூடான தட்டை எடுக்க நல்ல இடுக்கி. பாரிட் புந்தாரிலிருந்து பேசிய ஒரு பாட்டி, தன் மாமியார் கொடுத்த பால் டின்னால்தான் இன்றும் அரிசி அளக்கிறாராம். புக்கிட் மேரா அணைத் தண்ணீர் 1906-லிருந்து பாயும் நெல்வயல் பக்கத்துக்காரர் அரிசி அளப்பதைப் பற்றிச் சொன்னால் நான் மறுத்துப் பேசுவேனா?

கடைக்குப் போகுமுன் சமைப்பவர் பக்கத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார், எதை எடுக்க எம்புகிறார் என்று பாருங்கள். கத்தியை வாங்கினால் கையில் கொடுக்காமல் கீழே வையுங்கள். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை உண்டு.

போன வாரம் அம்மா கேட்டார்: "இதையும் ரேடியோல சொல்லுவியா?"

"சொல்றேன்மா. பேப்பர்லயும் எழுதுறேன்."

"அப்ப, கத்தி தீட்டத் தெரியலன்னு எழுதிறாத. கல்லு இல்லன்னு எழுது."