தோல்விக்கு மறுநாள்

1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 317 விநாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. திருவனந்தபுரத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பல ஆண்டு உழைப்பில் உருவான ராக்கெட் அது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன்னால் அவரை நிறுத்தாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே போய் உட்கார்ந்து பதில் சொன்னார். பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டபோது, பத்திரிகையாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார்.

இந்தச் சம்பவத்தைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. பள்ளி ஆண்டு விழாவிலும் சொல்கிறார்கள், நிறுவனப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால், தவானின் பெருந்தன்மையைச் சொன்னதும் நிறுத்திக்கொள்கிறோம். வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் அதிகம் உதவக்கூடிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

மறுநாளே ஆய்வுக் கூட்டம் கூடியது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து, எங்கே தவறியது என்று அலசினார்கள். பிறகு ஒரு குழு காரணத்தைத் துருவி எடுத்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு, தூசு புகுந்ததால் மூடாமல் நின்றிருக்கிறது. ராக்கெட்டைத் திசை பிசகாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய நைட்ரிக் அமிலம் அதன் வழியே ஒழுகிப்போயிருக்கிறது. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தின் முறை வந்தபோது பிடிமானம் இல்லை. இதில் மனத்தை அறுக்கிற விஷயம், ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே கசிவு தெரிந்திருந்தது என்பதுதான். கணினி கவுன்ட் டவுனை நிறுத்தியது. அமிலம் போதுமான அளவு இருக்கிறது, ஏவலாம் என்று நிபுணர்கள் சொன்னார்கள். கணினியைத் தாண்டி ஏவும் முடிவைக் கலாம் எடுத்தார். குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கிய பிறகும், அந்த முடிவு தன்னுடையது என்று மேடைகளில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவந்தார்.

இதன் பக்கத்தில் இன்னொரு தேதியை வைத்துப் பாருங்கள்: 2013 ஆகஸ்ட் 19. ஜி.எஸ்.எல்.வி. டி-5 ஏவுதளத்தில் நிற்கிறது. 2010 ஏப்ரலில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு ஜி.எஸ்.எல்.வி.க்கள் அடுத்தடுத்துத் தோற்றிருந்தன. உள்நாட்டில் செய்த கிரையோஜெனிக் எஞ்சின் இந்த முறையாவது வென்றாக வேண்டும் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. புறப்பட 74 நிமிடங்கள் இருக்கையில், இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவது தெரிந்தது. ஏவுதலை நிறுத்திவிட்டார்கள். எரிபொருளை இறக்கி, ராக்கெட்டைத் திருப்பிக் கொண்டுபோய், கசிந்த கட்டத்தையே மாற்றினார்கள்; தொட்டி செய்யும் உலோகக் கலவையையும் மாற்றினார்கள். 2014 ஜனவரி 5-ஆம் தேதி அது வெற்றிகரமாகப் பறந்தது. திட்ட இயக்குநர் கே. சிவன், கன்னியாகுமரி மாவட்டம் சரக்கல்விளைக்காரர்; 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர்.

இரண்டு தேதிகளுக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள். தலைமுறையே மாறிவிட்டது. அதற்குள், கசிவைக் கண்டால் கைகாட்டி நிறுத்துவது அலுவலக வழக்கமாகவே ஊறிவிட்டது. அதற்குத் தனி ஒருவரின் துணிச்சல் தேவைப்படவில்லை.

தொழிலில் நீண்ட காலம் நிலைக்க நல்ல பழக்கங்கள் வேண்டும், நல்ல உறவுகள் வேண்டும் என்று எல்லோரும் இளைஞர்களுக்குச் சொல்கிறோம். இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துவதில்தான் தவறுகிறோம். அதிகாலையில் எழுவது, நேரத்துக்குப் போவது, புதிதாக ஒன்று கற்பது எல்லாம் பழக்கம். நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பது உறவு என்று பிரித்துவிடுகிறோம். திருவனந்தபுரத்தை ஒட்டிய, முதல் ராக்கெட் ஏவிய தும்பாவின் அறுபதாண்டுக் கதையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. தப்பு நடந்ததை உரிய நேரத்தில் சொல்கிற பழக்கம்தான் நாளடைவில் உறவாக முதிர்கிறது. சொன்னவரைத் தாங்கிப் பிடிக்கிற உறவு இல்லாவிட்டால் அந்தப் பழக்கம் ஒரு மாதம்கூட நிலைக்காது.

தும்பாவில் இது பெரிய கட்டடங்களில் தொடங்கவில்லை. மீனவக் கிராமத்தின் புனித மகதலேன் மரியாள் தேவாலயத்தை பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவும் ஊர் மக்களும் விட்டுக்கொடுக்க, அங்கேதான் வேலை நடந்தது. நாசாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஒரு சிறு கூட்டம், பெரும்பாலும் முப்பது வயதுக்கு இந்தப் பக்கம். 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட்டை ஏவுதளத்தில் ஏற்றும்போது கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு. எல்லோருமாகக் கை கொடுத்துத்தான் தூக்கி வைத்தார்கள். மூத்தவர், இளையவர் என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே நேரமும் இல்லை, ஆளும் இல்லை. விக்ரம் சாராபாயும் பெரிய பொறுப்புகளை அனுபவமில்லாத இளைஞர்களிடம் தயங்காமல் கொடுத்தார். 1971 டிசம்பர் 30-ஆம் தேதி கோவளத்தில் அவர் இறந்தபோது வயது 52. அவர் போன பிறகும் அந்தக் கூட்டம் கலையவில்லை.

கூட்டம் பெருத்தபோது, பழக்கத்தை ஆட்களின் நல்ல குணத்தை நம்பி விட்டுவிடாமல், தவானும் அவருக்குப் பின் வந்தவர்களும் நடைமுறையாக்கினார்கள். இன்று எந்த ராக்கெட்டும் படிப்படியான ரிவியூக்களைத் தாண்டாமல் ஏவுதளம் போகாது. திட்டத்தில் இல்லாத வெளியாட்களும் அவற்றில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். கடைசியாக ஏவுதலுக்கு ஒப்புதல் தரும் குழு. தோற்றால் காரணம் தேட இன்னொரு குழு. ஏ.எஸ்.எல்.வி. 1987-இலும் 1988-இலும் விழுந்தது; பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணமும் 1993-இல் தோற்றது. ஒவ்வொரு தோல்வியும் அறிக்கையானது, அறிக்கை அடுத்த வடிவமைப்பில் போய்ச் சேர்ந்தது. பி.எஸ்.எல்.வி. பின்னாளில் உலகம் நம்பி ஏறிய ராக்கெட் ஆனதற்கு அந்த அறிக்கைகளுக்கும் பங்குண்டு.

அது நிரந்தர அரசு வேலை, அங்கே தப்பை ஒப்புக்கொண்டால் வேலை போகாது, எங்கள் நிலைமை அப்படியா என்று திருவனந்தபுரம் கழக்கூட்டத்து டெக்னோபார்க் ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ரயிலேறி கழக்கூட்டத்துக்கு வருகிறவர்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறாவிட்டால் சம்பளம் ஏறாது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பல இடங்களில் சரியாகவும் இருக்கிறது. மறுபக்கம், கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளைக்காரரான வி. நாராயணன் 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, ராக்கெட் எஞ்சின்களோடே வாழ்ந்து, 2025 ஜனவரியில் அதன் தலைவரானார். நாற்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருக்கும் வாழ்க்கை எல்லோருக்கும் வாய்க்காது. இருபத்தைந்து வயதுக்காரரைப் பார்த்து ஒரே இடத்தில் இரு என்று உபதேசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், நிறுவனம் மாறினாலும் கூடவே எடுத்துப் போகக்கூடிய பழக்கங்கள் இருக்கின்றன. மார்த்தாண்டத்துப் பெண் ஒருவர், மென்பொருள் பராமரிப்பு வேலை, தன் நோட்டை எனக்குக் காட்டினார். சாதாரண நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: ‘இரவு 11.40 மாற்றம் ஏற்றியாச்சு. 11.55 பணம் போகுது, ரசீது வரல. 12.05 லீடுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். 12.20 பழையபடி திருப்பியாச்சு. காரணம்: டெஸ்டில் பழைய டேட்டா வெச்சுப் பார்த்தேன்.’ கடைசி வரிக்குக் கீழே கோடு. “அந்தக் கடைசி வரி இல்லாட்டி மத்ததெல்லாம் வெறும் டைரி சார்” என்றார். அவருடைய டீம் லீடு அன்றைக்குத் திட்டவில்லை. மறுநாள் குழுவில் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னாராம். லீடு பிறகு வேறு கம்பெனிக்குப் போனபோது, புதுக் குழுவுக்கு முதலில் கூப்பிட்டது இவரைத்தான். அப்போது ரெஃபரல் கேட்டு யாருக்கும் இவர் மெசேஜ் அனுப்பியிருக்கவில்லை.

மூன்று வருடம் ஒரு வார்த்தை பேசாதவரிடமிருந்து திடீரென்று வரும் ‘ஹாய் சார், எப்படி இருக்கீங்க, உங்க கம்பெனியில் ஓப்பனிங் இருக்கா’ என்ற செய்தி நம் எல்லோருக்கும் பழக்கம். தேவை வந்தால் கேட்பதில் வெட்கம் இல்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால், கேட்கப்படுகிறவர் அந்த நேரத்தில் எதை நினைத்துப் பார்ப்பார்? பொங்கலுக்கு வந்த வாழ்த்தையா? நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்தில் அந்த ஆள் எப்படி நடந்துகொண்டார், ‘கே.டி.’ (வேலை ஒப்படைப்பு) என்ற பெயரில் இரண்டு ஃபைலைத் தள்ளிவிட்டுப் போனாரா, அல்லது அடுத்து வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் இது அடிக்கடி உடையும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாரா என்பதுதான் நினைவுக்கு வரும். ஒருவர் வேலையில் சேர்ந்த விதம் யாருக்கும் நினைவிருக்காது. விட்டுப் போன விதம் பத்து வருடம் பேசப்படும்.

உறவின் ஆழத்தைத் திருவனந்தபுரம் இன்னொரு விதமாகவும் பார்த்திருக்கிறது. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன், விகாஸ் எஞ்சினுக்கு உழைத்தவர், கிரையோஜெனிக் திட்டத்தை நடத்திவந்தவர். 1994 நவம்பர் 30-ஆம் தேதி உளவு வழக்கில் கைதானார். ஐம்பது நாள் சிறை. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று 1996-இல் சி.பி.ஐ. அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஊர் பேசிய பேச்சும், தெரிந்தவர்கள் முகம் திருப்பிக்கொண்டதும் அவரும் குடும்பமும் பட்ட தண்டனை. தான் உழைத்த நிறுவனம் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று அவர் வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார். அந்த வருத்தம் இஸ்ரோ வரலாற்றின் பெருமைகளுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியது. அந்தக் காலத்தில் வாய் திறந்தவர்களும் இருந்தார்கள். வழக்கு அபத்தமானது என்று மூத்த விஞ்ஞானிகள் சிலர் கூட்டாக எழுதினார்கள். சதீஷ் தவான், யு.ஆர். ராவ் பெயர்கள் அதில் இருந்தன. ராக்கெட் எஞ்சின் தொழில்நுட்பம் எப்படிக் கைமாறும், எப்படிக் கைமாறாது என்று அந்த வேலைக்குள்ளேயே இருந்து பார்த்தவர்கள் அவர்கள். அதனால்தான் அவர்கள் சொல்லுக்கு எடை இருந்தது. நம் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள்தான் நமக்காகச் சாட்சி சொல்ல முடியும். அப்படிப் பார்க்க வேலையைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இதில் பாதிக்கு மேல் பொறுப்பு மேலே இருப்பவர்களுடையது. இளைஞர்களுக்கு மட்டும் அறிவுரை எழுதிவிட்டு நகர்வது அநியாயம். தப்பை முதலில் சொன்னவருக்கு ரேட்டிங் குறைந்து, மறைத்தவருக்கு ஹைக் கிடைக்கிற ஆபீஸில் எந்த நோட்டும் நாலு பக்கம் தாண்டாது. தவானின் இடத்தில் இன்று ஆயிரக்கணக்கான டீம் லீடுகளும் மேலாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் நம்மவர்கள் கணிசம். அடுத்த அப்ரைசல் படிவத்தில், இந்த ஆண்டு எந்தக் கோளாறை வாடிக்கையாளர் சொல்லும் முன்பே சொன்னீர்கள் என்று ஒரு கேள்வியைச் சேர்த்து, அதற்கு மதிப்பெண்ணும் ஒதுக்குவது அவர்கள் கையில் இருக்கிறது. கோளாறு நடந்த மறுநாள் கூடும் கூட்டத்தில், சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண்ணையோ பையனையோ முதலில் பேசவிடுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரின் கேள்விக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, தவறு செய்தவரின் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரைப் போடுவதும்.