இடுப்பில் தொடங்கி குதிகால் வரை

போன தடவை முழங்கால் வலியைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "எனக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் கம்பி இழுத்த மாதிரி சுரீரென்று இழுக்கிறதே, அதற்கு என்ன வழி?" என்று சகோதரிகள் சிலர் கேட்டு விட்டார்கள். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

பெரும்பாலோருக்குச் சரியாகும். ஆனால் அதற்குக் கொஞ்சம் பொறுமையும், கொஞ்சம் நடையும் வேண்டும்.

இந்த வலிக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் சயாட்டிகா. ஆயுர்வேதத்தில் கிருத்ரசி என்பார்கள். நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு, ஏறக்குறைய விரல் பருமன், கீழ் முதுகிலிருந்து கிளம்பி, பிட்டத்தின் வழியாகப் பின்தொடையில் இறங்கி, கெண்டைக்கால், பாதம் வரை போகிறது. அதன் வேரில் ஏதாவது அழுத்தினால் வலி அங்கே தெரியாமல் காலில் தெரியும். அழுத்துவது பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க். கொழுக்கட்டையின் மேல்மாவு விரிசல் விட்டால் பூரணம் பிதுங்கி வருமல்லவா, அதே கதைதான். பிதுங்கியது நரம்பை இடிக்கிறது. அந்த இடமும் புண்பட்ட மாதிரி வீங்கிக் கொள்கிறது. தும்மினால், இருமினால் காலில் மின்சாரம் பாய்ந்தது போல இருப்பது இதனால்தான்.

இனி நல்ல சேதி. பிதுங்கிய அந்தப் பூரணம் அப்படியே இருந்து விடுவதில்லை. உடம்பே அதை அந்நியப் பொருளாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்து விடுகிறது. பெரிதாகப் பிதுங்கியதுதான் பல சமயம் நன்றாகவே சுருங்குகிறதாம்! ஆகையால் ஸ்கேன் படத்தைப் பார்த்து மிரள வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் புடைத்துத்தான் இருந்திருக்கிறது. அவர்கள் பாட்டுக்கு நடமாடிக் கொண்டிருக்கிறார்கள்.

என் நாத்தனார் திருச்சியில் இருக்கிறாள். வயது முப்பத்து நாலு, இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. போன ஆடியில் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கும்போது 'கிளுக்' என்றது. மறுநாள் இடது காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. அவளுடைய மாமியார் நல்ல மனுஷி. "அசையவே கூடாது, நரம்பு விலகிடும்" என்று பத்து நாள் படுக்கையிலேயே வைத்து, சாப்பாடு முதற்கொண்டு கைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வலி குறையவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதபடி உடம்பு மரத்துப் போனதுதான் மிச்சம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் பெண்ணுக்கு இடுப்பு வலி என்றால் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "நடிக்கிறா, எழுந்து வேலையைப் பாரு"; இல்லாவிட்டால், "படுத்தே கிட." இரண்டுமே வேலைக்கு ஆகாது. நெதர்லாந்தில் இந்த வலியுள்ள 183 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்கையிலும், மறு பாதியை முடிந்த அளவு நடமாடியபடியும் வைத்துப் பார்த்தார்கள். 1999-ல் முடிவு வெளிவந்தது. பன்னிரண்டு வாரத்தில் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குத் தனியாக ஒரு லாபமும் இல்லை.

நாத்தனாரைப் பார்த்த எலும்பு டாக்டரும் அதையேதான் சொன்னார். "தாங்கவே முடியாத முதல் ஒன்றிரண்டு நாள் படுங்கம்மா. அப்புறம் வீட்டுக்குள்ளேயே அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷமா நடங்க." கூடவே பிசியோதெரபிக்கும் அனுப்பினார். அங்கே அவளைக் குப்புறப் படுக்க வைத்து, பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் மெள்ளத் தூக்கச் சொன்னார்கள். இந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் வலிக்காரர் ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேஜையில் அந்த மனிதர் அப்படியே படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மெக்கென்சி பதறிக்கொண்டு வந்து பார்த்தால், "கால் வலி போய்விட்டதே!" என்கிறாராம் அவர். அந்தத் தற்செயலிலிருந்துதான் மெக்கென்சி முறையே பிறந்தது.

நாலாம் நாள் நாத்தனார் போன் செய்து அழுதாள். "அண்ணி, கெண்டைக்கால் வலி குறைஞ்சுது, ஆனா இப்போ இடுப்பு வலிக்குதே." அந்தப் பிசியோதெரபி பெண்ணுக்கோ சந்தோஷம் தாங்கவில்லையாம். வலி பாதத்திலிருந்து மேலே ஏறி இடுப்பில் ஒடுங்குவது நல்ல அறிகுறி. இடுப்பிலிருந்து கீழே கீழே இறங்கினால்தான் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். இது எல்லாருக்கும் ஏற்றதும் அல்ல. வயதானவர்களுக்கு முதுகெலும்புக் குழாய் குறுகி இதே மாதிரி வலி வரும். அவர்களுக்குப் பின்னால் வளைந்தால் அதிகமாகும், முன்னால் சாய்ந்தால்தான் சுகம். ஆகவே மாமியாரும் மருமகளும் ஒரே பயிற்சியைச் செய்ய வேண்டாம்.

வீட்டு வேலையை என்ன செய்வது? அரிவாள்மணையைக் கொஞ்ச நாள் மூலையில் சாத்தி வையுங்கள். மேடையில் கத்தியால் நறுக்கலாம். நின்று சமைக்கும்போது ஒரு காலைச் சின்ன மணைப்பலகை மேல் தூக்கி வைத்து மாற்றிக் கொள்ளுங்கள். குடத்துக்குப் பதில் இரண்டு கையிலும் சின்ன வாளி, அதுவும் அரை வாளி. குழந்தையைத் தரையிலிருந்து தூக்காமல், அது கட்டிலில் ஏறி நின்ற பிறகு மார்போடு அணைத்து எடுங்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் தூக்கம் வரும். கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டும் என்பது யார் போட்ட சட்டமோ, தெரியவில்லை. குழி விழாத மெத்தை போதும்.

வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும், கொடுக்கலாம். ஆனால் காலில் மரமரப்பு இருந்தால், முக்கியமாகச் சர்க்கரை வியாதிக்காரர்கள், காலில் வெந்நீர்ப் பையை வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். இரண்டு பாதமும் ஒன்றாக எரிந்தால் அது சயாட்டிகாவாக இல்லாமல் சர்க்கரையாகவும் இருக்கலாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிப்பவர்களிடம் மட்டும் தயவு செய்து போகாதீர்கள்.

மாத்திரை விஷயம். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், டாக்டர் சொன்ன நாளைக்கு மட்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடக்கூடாது. 'நரம்புக்கு' என்று எழுதிக் கொடுக்கும் பிரிகாபலின் மாத்திரையை இந்த வலிக்கு 209 பேரிடம் சோதித்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். வெறும் மாத்திரையைவிட அது ஒன்றும் கூடுதலாகக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடுதல். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலி தாங்கவே முடியாதவர்களுக்கு முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அது கொஞ்ச காலத்துக்குத் தாக்குப்பிடிக்க உதவும். டிஸ்க்கைத் திருப்பி உள்ளே தள்ளாது.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை மாதத்துக்கு மேல் கடும் வலியில் இருந்த 283 பேரின் கணக்கு 2007-ல் வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால் வலி சீக்கிரம் போயிற்று. காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு வருஷத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. மீதிப் பேர் கத்தி படாமலே தப்பினார்கள். வருஷக் கடைசியில் இரு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் நலம். நாத்தனார் காத்திருக்கும் பக்கம் நின்றாள். ஆயுத பூஜைக்குள் வீட்டைத் தானே பெருக்கிவிட்டாள், நீளக் கைப்பிடித் துடைப்பத்தால்.

ஆனால் காத்திருக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டு. சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே கசிந்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி, உட்காரும் இடத்தில் மரத்துப் போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நரம்புக் கொத்தே நசுங்குகிறது என்று அர்த்தம். அப்போது ஆபரேஷன்தான் வைத்தியம். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் தாமதிக்காதீர்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலியும், முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் வலியும் உடனே பார்க்க வேண்டியவை. பிரசவமான பெண்கள் "அங்கே மரத்திருக்கு" என்று சொல்ல வெட்கப்பட்டு நாளைக் கடத்துகிறார்கள். அம்மாவிடமாவது சொல்லுங்கள், அம்மாக்களே, நீங்களாகவே கேளுங்கள்.

முடக்கத்தான் கீரை சாப்பிட்டால் டிஸ்க் உள்ளே போய்விடுமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். போகாது. ஆனால் முடக்கத்தான் தோசை ருசியாக இருக்கும். கசப்புத் தெரியாமல் அரைக்கும் பக்குவத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன்.